தணிகைப் பாட்டு எந்தத் திருமுறை?

அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போவார். கையில் அட்டை கிழிந்த திருவருட்பா. தேரடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. எண்ணூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு நானும் ஒரு பதிப்பு வாங்கினேன். தணிகை முருகன் பாடல் ஒன்றைத் தேடினால், அம்மாவின் புத்தகத்தில் அது ஐந்தாம் திருமுறை. என்னுடையதில் முதல் திருமுறை. அச்சுப்பிழை என்றே முதலில் நினைத்தேன்.

பிழை இல்லை. வள்ளலார் 1858 வரை சென்னையில், ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியிருந்தார். அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வருவாராம். (கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இன்று நடந்து பாருங்கள்!) ஒற்றியூர்ப் பாடல்கள், தணிகைப் பாடல்கள் எல்லாம் அந்த நாட்களில் எழுதியவை. அவற்றை அச்சிட அவர் அவசரப்படவில்லை. தாள்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் பிடிவாதமாக இருந்தது வள்ளலாரின் கடிதத்திலேயே வருகிறது.

பாடல்களை ஆறு திருமுறையாக வகுத்தவர் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். முதல் நான்கு 1867இல் வெளிவந்தன. வள்ளலார் 1874இல் மறைந்தார். 1880இல் ஐந்தாவது, 1885இல் ஆறாவது. இளமையில் பாடிய தணிகைப் பாட்டு ஐந்தாவதில் போய் உட்கார்ந்தது இப்படித்தான்.

பிறகு ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை, வள்ளலாரின் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டு, 12 புத்தகங்களாகப் பதிப்பித்தார். ஊரன் அடிகள் 1972இல் காலமுறைப்படி அடுக்கினார். தணிகை முன்னுக்கு வந்தது. இன்றைய ஆய்வாளர்கள் இதே வழியில் இன்னும் ஆழமாகப் போகிறார்கள், ப. சரவணன் அருட்பா மருட்பா சண்டையின் கண்டன நூல்களையே தேடித் திரட்டிவிட்டார்.

வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கோயில் கோயிலாகப் போய் உருகிய இளைஞர், கடைசியில் சாதியும் சமயமும் பொய் என்று சொல்லும் இடத்துக்கு எப்படி வந்தார் என்பது காலவரிசையில் படித்தால்தான் பிடிபடுகிறது. ஆகவே என் ஓட்டு 1972க்கு. ஆனாலும் 1867ஐத் தள்ளிவிட மனமில்லை. வள்ளலார் உயிரோடு இருந்தபோதே, பக்கத்தில் இருந்த மாணவர் கட்டிய மாலை அது.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா பாடின வரிசைதான்டா எனக்கு" என்றார். பழைய புத்தகத்தை பைண்டிங் செய்து அவரிடமே கொடுக்கப் போகிறேன்.