படத்துக்குள் வானம் வந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த ஊர்ப் படங்களைப் புரட்டினால் கோபுரம் இருக்கும், கோட்டை இருக்கும், தெரு இருக்கும். பெரும்பாலும் வானம் மட்டும் இருக்காது. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள்தான். மழைக்கு முந்திய நாளா, சித்திரை வெயிலா என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை மிக வேகமாகப் பிடித்துக்கொள்ளும். கட்டடம் பதியட்டும் என்று காத்திருந்த நேரத்துக்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெளுத்துவிடும்.

1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை என்று அவர் எடுத்த படங்கள் 1858-ல் தொகுதிகளாக வெளிவந்தன. மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். அவருடைய படங்கள் சிலவற்றில் மேகம் உண்டு, ஆனால் அந்த மேகத்தைக் கேமரா பார்க்கவில்லை. நெகட்டிவின் மேல் நிறம் தடவி அவரே வரைந்தது அது. ‘எடிட் பண்ணாத அந்தக் காலத்துப் படம்’ என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு டிரைப்பைக் காட்டலாம். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இது ஆடம்பரச் செலவு என்று கருதி வேலையை நிறுத்தினார்.

அதே ஆண்டுகளில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே வேறு வழி கண்டார். கடலுக்கு ஒரு கண்ணாடி நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று. இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். சேத் என்ற துறைமுக ஊரில் 1857-ல் எடுத்த ‘பேரலை’ இப்படிப் பிறந்தது. பிடித்துப்போன வானத்தை வேறொரு கடலுக்கும் பொருத்திவிடுவார் மனுஷர். ஆக, இருந்ததைக் காட்டவும் இல்லாததை ஒட்டவும் ஒரே கைவேலை உதவும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

வானமும் நிலமும் ஒரே பதிவில் ஏன் அடங்குவதில்லை? கணக்கு எளியது. ஒளி இரு மடங்கானால் ஒரு ஸ்டாப். பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு, பதினான்கு என்றால் 16,384 மடங்கு. இன்றைய நல்ல கேமரா ஒன்று பதினான்கு ஸ்டாப் வரை ஒரே கிளிக்கில் வாங்கும். உதிக்கும் சூரியனும் படகின் நிழல் பக்கமும் ஒரே ஃபிரேமில் வந்தால் அது போதாது. அச்சுத்தாள் இன்னும் கஞ்சம். அதன் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஏழெட்டு ஸ்டாப் கிடைத்தாலே பெரிது. நம் கண் மட்டும் இதில் சிரமப்படுவதில்லை. வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் நிழலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொண்டு, இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குத் தந்துவிடுகிறது.

ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ‘ஸோன்’ முறை, எந்த வெளிச்சம் தாளில் எந்தச் சாம்பலாக விழ வேண்டும் என்பதைப் படம் எடுக்கும் முன்பே முடிவு செய்யச் சொன்னது. சார்லஸ் வைக்காஃப் அணுகுண்டு வெடிப்பைப் பதிவு செய்ய ஒரு ஃபிலிம் செய்தார். வேகம் வேறுபட்ட மூன்று பூச்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்ததால் வெடிப்பின் நடுவும் விளிம்பும் சேர்ந்து பதிந்தன. இன்று சூரிய உதயத்துக்குப் பயன்படும் உத்தியின் முன்னோர்களில் அணுகுண்டும் உண்டு என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. 1997-ல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் பல பதிவுகளைச் சேர்க்கும் இந்த வேலையைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு தேவாலயத்தின் உட்புறத்தை 30 வினாடியிலிருந்து வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை 16 படங்களாக எடுத்து, அவற்றிலிருந்து அந்த இடத்தின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

பிறகு வந்தது கெட்ட காலம். 2003-ல் ஃபோட்டோமேட்டிக்ஸ் என்ற மென்பொருள் இதை எல்லார் கைக்கும் கொடுத்தது. ஊதா மேகம், ஒளிரும் புல், துருவெல்லாம் தங்கம் என்று இணையம் நிறைந்தது. இந்த உத்திக்கு வைத்த ‘ஹெச்.டி.ஆர்.’ என்ற பெயரே ஒரு திட்டாகிப்போனது. குற்றம் மென்பொருளுடையது அல்ல, ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளிய கையுடையது. 2007-ல் டாம் மெர்ட்டென்ஸும் கூட்டாளிகளும் அடக்கமான ஒரு வழி சொன்னார்கள். ஒளி அளவையெல்லாம் கணக்கிட வேண்டாம், ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாகப் பதிந்த பகுதிக்கு அதிக எடை கொடுத்து நேராகக் கலந்துவிடுங்கள் என்றார்கள். ‘என்ஃபியூஸ்’ என்ற இலவச மென்பொருள் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. இயல்பான படம் வேண்டுகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன். 2010-ல் ஐபோனிலும் 2013-ல் கூகுளின் நெக்சஸ் 5-லும் பல ஃபிரேம்களைச் சேர்க்கும் வித்தை ஏறிவிட்டது. இப்போது வடசென்னையின் காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் செல்போனை நீட்டுகிற எல்லாரும் தமக்குத் தெரியாமலே பல ஃபிரேம்களைக் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

வடசென்னையில் வானத்தையும் நிழலையும் சேர்த்துப் பிடிப்பது ஏன் கூடுதல் சிக்கல்? கிழக்கே கடல். காலையில் கடலைப் பார்த்து நின்றால் எல்லாமே எதிர்வெளிச்சம். காசிமேட்டு விசைப்படகுகள், திருவொற்றியூர் தூண்டில் வளைவின் கருங்கற்கள், எண்ணூர் முகத்துவாரத்து ஃபைபர் படகுகள் எல்லாம் நிழல் பக்கத்தையே காட்டும். மேல்பாதி இருட்டிய ஃபில்டரை மாட்டினால் வானம் அடங்கும்தான். ஆனால் பாய்மரக் கம்பமும் துறைமுகக் கிரேனும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் தொடுவானத்தைத் தாண்டி நிற்கின்றன. அவற்றின் தலைப்பகுதியும் சேர்ந்து கறுத்துவிடும். பல ஃபிரேம் எடுப்பதே இங்கே சரி.

டிரைபாட் வேண்டும், கடற்காற்றுக்கு அதன் நடுவில் பையைத் தொங்கவிடுவது நல்லது. அப்பர்ச்சர், ஃபோகஸ், ஐ.எஸ்.ஓ. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஷட்டரை மட்டும் மாற்றி, இரண்டு இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று ஃபிரேம் எடுக்க வேண்டும். எல்லாம் ரா ஃபைலாக இருக்கட்டும். இருண்ட ஃபிரேமில் சூரிய வட்டத்தைத் தவிர வேறெதுவும் வெளுத்திருக்கக் கூடாது. வெளிச்சமான ஃபிரேமில் படகுக்குள் கிடக்கும் வலை தெரிய வேண்டும். மூன்றுக்கும் இடையில் படகு நகரும், அலை புரளும். அப்படியே கலந்தால் ஒரே படகு மூன்று ஆவிகளாக வந்து நிற்கும். அதனால் அசைகிற எதையும் ஒரே ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொண்டு, அசையாத வானத்தையும் கல்லையும் மட்டும் கலக்க வேண்டும்.

அடுத்த கண்டம் எடிட்டிங். புகைபோக்கியைச் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் போடும் ஒளிவட்டம் போல ஒரு வெளிச்ச விளிம்பு தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். சூரியனைச் சாம்பல் நிறமாக்காதீர்கள், அது வெள்ளையாகவே இருக்கலாம். நீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும். இந்த வரிசை தலைகீழானால் காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவரின் கண் ‘பொய்’ என்று சொல்லிவிடும். எங்காவது கொஞ்சம் முழுக் கறுப்பும் இருக்கட்டும். நிழலுக்குள் இருப்பதையெல்லாம் காட்டியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கொடைக்கானலில் இந்த அளவு மீறினால் படம் அசிங்கமாகும், அவ்வளவுதான். எண்ணூரில் அது சாட்சியைக் கலைப்பது. இங்கே வானத்தோடு படத்துக்குள் வருவது புகையும்தான். மங்கலை நீக்கும் ‘டிஹேஸ்’ என்ற ஸ்லைடருக்கு மார்கழிப் பனிக்கும் ஆலைப் புகைக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் துடைத்துவிட்டு நீல வானம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். கொசஸ்தலையாற்றின் சேற்றில் படிந்திருக்கும் நிலக்கரிச் சாம்பலுக்கு வெளிறிய ஒரு சாம்பல் நிறம். வெதுவெதுப்பான நிறம் கூட்டினால் அது கடற்கரை மணலாகிவிடும். 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அந்தக் கறுப்பின் நிழலை ஏற்றினால் பழுப்புச் சேறாகத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் ஆற்றில் பரவியது. நிறச்செறிவைக் கூட்டினால் அந்தப் படலம் அழகான வானவில்.

இதே ஆற்றில் கழுத்தளவு நீரில் நின்று கையால் இறால் பிடிக்கும் பெண்களைப் படமெடுத்தவர் எம். பழனிக்குமார். தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. எண்ணூரைப் படமெடுக்க நினைக்கும் இளைஞர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பார்க்கட்டும்.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கலந்து முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூல ஃபிரேம்களை அழித்துவிடாதீர்கள். மெமரி கார்டில் இடம் இல்லை என்றால் வேறு எதையாவது அழியுங்கள். மூன்று ரா ஃபைல்களையும் தேதியும் நேரமும் மாறாமல் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். அந்தக் காலையில் எண்ணூர் வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று நாளை யாராவது கேட்டால், காட்ட வேண்டியது அவற்றைத்தான்.