கவசம் ஆளுக்கா, செயலுக்கா?

2022 மே 10. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு முன்னால சனம் கூடிட்டுது. முதல்நாள் பிரதமர் பதவியை விட்டு விலகின மஹிந்த ராஜபக்ஷ உள்ளுக்குத்தான் இருக்கிறார் என்று கதை பரவியிருந்தது. அடுத்தநாள் பாதுகாப்புச் செயலாளரும் அதை உறுதிப்படுத்தினார்.

ஒளிக்கிறதுக்கு அவருக்கு ஒரு மதில் தேவைப்பட்டது. பதவியில் இருக்கிற சனாதிபதிக்கு மதிலே தேவையில்லை. 1978 அரசியலமைப்பின் 35ஆவது உறுப்புரை போதும். பதவியில் இருக்கும்வரை, உத்தியோகபூர்வமாகச் செய்ததோ தனிப்பட்ட முறையில் செய்ததோ, ஒருசில விதிவிலக்குகள் தவிர, அவர்மேல் வழக்குப் போட ஏலாது.

அப்ப அவர் என்னவும் செய்யலாமா? 1998இல் ஐந்து மாகாண சபைத் தேர்தல்கள் அவசரகால ஒழுங்குவிதியால் நிறுத்தப்பட்டன. அடுத்த வருசம் கருணாதிலக வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ ஒரு கோடு கிழித்தார்: விடுபாட்டுரிமை செய்தவரைக் காக்கும் கவசம், செய்த செயலைக் காக்கும் கவசமல்ல. 2015இல் 19ஆவது திருத்தம் இன்னும் ஒருபடி போனது. சனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலுக்கு எதிராக, சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி, அடிப்படை உரிமை மனுப் போடலாம் என்றது.

அந்த வாசலால் போனவர் எங்கட ஊர் ஆள். 2018 நவம்பர் 9ஆம் திகதி சனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை வருசம் முடியாமல், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கேட்காமல் கலைக்க ஏலாது என்பது அப்போதைய சட்டம். திருகோணமலை எம்.பி. இரா. சம்பந்தன் ஐயா உட்படப் பலர் உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள்: கலைத்தது அரசியலமைப்புக்கு முரண். இண்டைக்கும் அந்த வழக்கு அவர் பெயரிலதான் இருக்கு. பகிடி என்னெண்டா, பாராளுமன்றம் தப்பிச்சுது, ஐந்து நாளில் அவரின் எதிர்க்கட்சித் தலைவர் பதவி மஹிந்தவுக்குப் போச்சுது.

வென்றதும் முழுசாக நிலைக்கவில்லை. 2020இல் 20ஆவது திருத்தம் அந்த நாலரை வருசத்தை இரண்டரையாகக் குறைத்தது. மனுப் போடும் வாசலையும் மூடத்தான் பார்த்தார்கள். சர்வஜன வாக்கெடுப்பு இல்லாமல் அது முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் தப்பியது.

ஆனால், திரும்ப அந்தத் தளத்து வாசலுக்கே வருவம். 2008, 2009 காலத்தில் கடத்தப்பட்ட 11 பேர் அதற்குள்ளே தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று விசாரணையாளர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரும் குற்றஞ்சாட்டப்பட்டார். அவருக்கு 35ஆவது உறுப்புரை இல்லை. இருந்தும் 2021இல், அவருக்கு எதிரான வழக்கைக் கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார்.

சனாதிபதிக்குப் பதிலாக நீதிமன்றத்தில் நிற்கிறவரும் அதே சட்டமா அதிபர்தான். எழுதின கவசத்தைத் திருத்தம் கொண்டுவந்து குறைக்கலாம். எழுதாத கவசத்தை எந்தத் திருத்தத்தால் குறைக்கிறது?