ராஸ் ரைபிள்: மைதானத்தில் ராஜா, சேற்றில் சுமை

கிரிக்கெட் ரசிகர்களுக்கு லார்ட்ஸ் எப்படியோ, துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு இங்கிலாந்தின் பிஸ்லி மைதானம் அப்படி. அங்கே தரப்படும் பெரிய பரிசு 'மன்னர் பரிசு'. 1911-லும் 1913-லும் அதைத் தட்டிச் சென்றவர்கள் கனடாக்காரர்கள். கையில் இருந்தது அவர்கள் நாட்டிலேயே தயாரான ராஸ் ரைபிள். அடுத்த இரண்டே வருடத்தில், பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கு வெளியே கனடா வீரர்கள் அதே ரைபிளைத் தூக்கி எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

துல்லியமாகச் சுடும் துப்பாக்கி, எல்லா வேலைக்கும் ஆகிற துப்பாக்கியாகவும் இருக்குமா? துப்பாக்கிப் பிரியர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொள்ளும் இந்தக் கேள்விக்கு ஒரு ராணுவமே விடை தேடி அவதிப்பட்ட கதை இது.

போயர் யுத்தத்தின்போது (1899-1902) கனடா தன் படைக்கு லீ-என்ஃபீல்டு கேட்டது. பிரிட்டனுக்கே போதாத நேரம், கிடைக்கவில்லை. கனடாவில் தொழிற்சாலை போடவும் பிரிட்டிஷ் கம்பெனிகள் முன்வரவில்லை. அப்போது வந்து சேர்ந்தவர் சர் சார்லஸ் ராஸ். ஸ்காட்லாந்துப் பணக்காரர், வேட்டைப் பிரியர், சொந்தமாக ஒரு ரைபிளை வடிவமைத்து வைத்திருந்தவர். கியூபெக்கில் தொழிற்சாலை எழுந்தது. அவருக்கு விடாத ஆதரவு தந்தவர் சாம் ஹியூஸ். இவரும் குறிசுடுவதில் பைத்தியமாக இருந்த மனிதர்தான். பிற்பாடு ராணுவ அமைச்சரானார். வாங்கியவர், விற்றவர் இரண்டு பேருமே மைதானத்து ஆட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1901 சோதனையிலேயே ராஸ் திணறியது. குறை தோட்டாவில்தான் என்றார் ராஸ். 1905-ல் கனடாவின் குதிரைப் போலீஸுக்கு ஆயிரம் ரைபிள் போனது. பயிற்சியில் ஒருவருக்குக் கண்ணே போனது. போலீஸ் அதைக் கைவிட்டது. ராணுவம் விடவில்லை. வடிவத்தை மாற்றி மாற்றி, 1910-ல் மார்க் 3 வந்தது. பிஸ்லியில் பேர் வாங்கிய ரகம் இது.

சேற்றில் ஏன் தோற்றது? லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளி, கீழே மடக்க வேண்டும். நாலு வேலை. ராஸில் இழு, தள்ளு, அவ்வளவுதான். போல்ட்டின் தலை தானே திருகிப் பூட்டிக்கொள்ளும். கேட்க அருமை! ஆனால் லீ-என்ஃபீல்டில் பிடியைத் தூக்கும்போதே, உள்ளே சிக்கிய தோட்டாக் கூடு நெம்புகோல் மாதிரி இளகிவிடும். ராஸில் அந்த நெம்பு போதவில்லை. கையின் பலம்தான் துணை. தோட்டா உட்காரும் அறையும் மிக இறுக்கம். துல்லியத்துக்கு இறுக்கம் நல்லது. அளவு பிசகாத கனடா தோட்டாவுக்கு அது பொருந்தியது. போர்க்காலத்தில் அவசர அவசரமாகச் செய்த பிரிட்டிஷ் தோட்டாக்கள் கொஞ்சம் பெரியவை. சூடும் சேறும் சேர்ந்ததும் போல்ட் அசைய மறுத்தது. அதோடு, போல்ட்டைப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பூட்டுப் பல் ஒன்று தடுப்பில் மோதி நசுங்கியது. இது பிறகுதான் தெரியவந்தது. போல்ட்டைத் தப்பாகக் கோத்துவிட்டால், பூட்டாமலேயே வெடித்து முகத்துக்கு வரும் ஆபத்து வேறு. சுடும்போது முனைக்கத்தி கழன்று விழுந்தது எல்லாம் இதற்கு முன் சின்ன விஷயம்.

1915 ஏப்ரல் 22. ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். மூச்சு முட்டும் நேரத்தில் எதிரி வருகிறான், போல்ட் திறக்கவில்லை. பூட்ஸ் காலால் உதைத்தார்கள், மண்வெட்டியால் தட்டினார்கள். அந்தச் சண்டையில் பிழைத்த சுமார் 5,000 பேரில் 1,452 பேர் ராஸை எறிந்துவிட்டது கணக்கில் ஏறியிருக்கிறது. அனுமதி கேட்டுச் செய்ததல்ல. தன் உயிரைத் தானே பார்த்துக்கொண்ட வேலை.

தளபதி ஆல்டர்சன் புகார் எழுதினார். ஹியூஸ் ரைபிளை விட்டுவிட்டு ஆல்டர்சனைப் பிடித்துக்கொண்டார். 1915 ஜூனில் முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு கிடைத்தது. மற்ற டிவிஷன்கள் 1916 வரை காத்திருந்தன. அறையை அகலப்படுத்தி, தடுப்பை மாற்றி, கடைசி வரை ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். தேசப் பெருமையை ஒரு சாமானில் வைத்துவிட்டால் அதைக் குப்பையில் போடுவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்! 1916 நவம்பரில் ஹியூஸின் பதவி போனது. 1917-ல் தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டது.

லீ-என்ஃபீல்டு ஒன்றும் அதிசயப் பிறவி அல்ல. குழல் குட்டை என்று பிஸ்லி ஆட்கள் கேலி செய்த துப்பாக்கி. ராஸைவிட அரை அடி நீளம் குறைவு, எடையும் குறைவு, உள்ளே பத்துத் தோட்டா (ராஸில் ஐந்து). நம்மூர்ப் போலீஸ்காரர்களின் தோளில் பல காலம் தொங்கிய '303' இந்த வம்சம்தான்.

ஆனால் ராஸை விட மறுத்த ஒரு கூட்டமும் இருந்தது: கனடாவின் ஸ்னைப்பர்கள். ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகாபோ அவர்களில் ஒருவர். 378 பேரை வீழ்த்தியதாக அவர் பெயரில் சொல்லப்படுகிறது. ஸ்னைப்பர் நாளுக்குச் சில தோட்டாதான் சுடுவார். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். ரைபிளைத் துடைத்து, துணி சுற்றி, குழந்தை மாதிரி வைத்துக்கொள்வார். அந்தக் கையில் ராஸ் சிக்கவில்லை. படை முழுவதும் லீ-என்ஃபீல்டுக்கு மாறிய பிறகும் அவர்கள் ராஸோடுதான் பதுங்குகுழிக்குப் போனார்கள்.