இலங்கையின் இறக்குமதி

இலங்கையின் இறக்குமதிச் செலவு பல பத்தாண்டுகளாக அதன் ஏற்றுமதி வருவாயை விஞ்சியே வருகிறது. செலவில் பெரும்பங்கு எரிபொருளுக்கு. 1969 முதல் இயங்கும் சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு ஆலையால் உள்நாட்டுத் தேவை முழுவதையும் ஈடுசெய்ய முடியாது. ஆகவே மசகு எண்ணெயோடு, சுத்திகரித்த பெற்றோலும் டீசலும் வாங்கப்படுகின்றன. துணியும் நூலும் அடுத்த பெரிய பிரிவு. இவை ஆடைகளாகத் தைக்கப்பட்டு மீண்டும் கப்பலேறுவதால், இவற்றை வெறும் செலவாகக் கொள்வது சரியன்று. இயந்திரங்கள், மருந்துகள், கோதுமை, சீனி ஆகியவையும் வருகின்றன. பால்மாவுக்கு நியூசிலாந்தும், அன்றாடச் சமையலின் மைசூர் பருப்புக்குக் கனடாவும் ஆஸ்திரேலியாவும் முக்கிய மூலங்கள்.

இறக்குமதியில் இந்தியாவும் சீனாவும் முன்னிலை வகிக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகமும் குறிப்பிடத்தக்கது. ஏற்றுமதிக்கோ அமெரிக்காவே பெரிய சந்தை. வாங்குவது பெரும்பாலும் ஆசியாவில், விற்பது பெரும்பாலும் மேற்கில் என்பது இவ்வணிகத்தின் தனித்தன்மை. 1998இல் கையெழுத்தான இந்திய–இலங்கை தடையற்ற வணிக உடன்பாடு 2000இல் நடைமுறைக்கு வந்தது.

அந்நியச் செலாவணியைக் காக்க 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை விளைச்சலைக் குலைத்து, அரிசியையே வெளியில் வாங்கவைத்தது. அதைக் கொள்கைப் பிழை என்றே சொல்லவேண்டும். 2022இல் கையிருப்பு வற்றி எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்றபோது, இந்தியக் கடனுதவியில் எரிபொருளும் உணவும் மருந்தும் வந்தன. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.