சுருக்குவதும் விரிப்பதும்

முத்தாண்டிக்குப்பத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு இரண்டு விஷயங்களைச் சுற்றித்தான் வரும். ஒன்று முந்திரி, மற்றொன்று நெய்வேலி. முந்திரியை இப்போது விட்டுவிடுவோம். நெய்வேலிக் கரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் எழுத வந்த விஷயத்துக்குப் போகிறேன்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ ஒரு பொருள் வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956ல் அதற்கென்று ஓர் அரசாங்க நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962ல் அந்தக் கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. இவ்வளவும் நடந்தது நேற்று மாதிரி. ஆனால் கரி உண்டான கதை கோடிக்கணக்கான ஆண்டுக் கதை. ஒரு காலத்தில் அது காடு. மரமும் இலையும் சேற்றில் புதைந்து, மேலே மண் ஏறி, பாரத்தால் நசுங்கி நசுங்கி, ஒரு பெருங்காடு கரிப் படலமாகச் சுருங்கிவிட்டது.

சுருக்கியது இயற்கை. ஆனால் அதைத் திரும்ப விரிக்க இயற்கைக்கும் தெரியாது. கரியை எரித்தால் வெப்பம் வரும், மரம் வராது. இலையும் பூவும் எப்படி இருந்தன என்று அந்தக் கரியைக் கேட்டால் அது அரைகுறையாகத்தான் பதில் சொல்லும்.

நம் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய அழகுகள் பத்து என்று சொல்லி, 'சுருங்கச் சொல்லல்' என்பதை முதலில் வைத்தார். அதை அடுத்து 'விளங்க வைத்தல்'. குற்றங்கள் பத்து என்று சொல்லும்போதோ, முதலில் வைத்தது 'குன்றக் கூறல்'. இரண்டும் சுருக்கந்தானே என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். இல்லை. பொருள் ஒன்றும் கெடாமல் சுருக்குவது அழகு. சுருக்குகிற சாக்கில் பொருளைத் தொலைப்பது குற்றம். கம்ப்யூட்டர் சாஸ்திரக்காரர்கள் இழப்பில்லாத சுருக்கம், இழப்புள்ள சுருக்கம் என்று இன்று இரண்டாகப் பிரிப்பது இதைத்தான். புகைப்படத்தைச் சுருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுட்பங்களைக் கழித்துவிடுகிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. எழுத்தில் அப்படிச் செய்ய முடியுமா? ஒரு புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். ஆகவே எழுத்துக் கோப்பைச் சுருக்குகிறவன் ஒரு சத்தியம் செய்து கொடுக்கவேண்டும்: விரிக்கும்போது கால், கொம்பு, புள்ளி உள்பட அத்தனையும் திரும்பி வரும் என்று.

அந்தச் சத்தியம் எப்படி உருவாயிற்று என்பது சுவாரஸ்யமான சரித்திரம்.

தந்திக் காலத்திலேயே அதற்கு விதை விழுந்துவிட்டது. மோர்ஸ் சங்கேதத்தில் ஆங்கிலத்து 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. காரணம், ஆங்கிலத்தில் அதிகமாக வருவது அந்த எழுத்து. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அபூர்வமாக வருவதற்குப் பெரிய குறி. 1948ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த கிளாட் ஷானன், ஒரு செய்தியை எவ்வளவு தூரம் சுருக்கலாம், எந்த எல்லைக்குக் கீழே சுருக்கவே முடியாது என்பதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். 1951ல் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் வகுப்பு மாணவர்களிடம், பரீட்சை எழுதுகிறீர்களா, கட்டுரை எழுதுகிறீர்களா என்று கேட்டார். கட்டுரைக்குக் கொடுத்த கணக்கு, எழுத்துகளுக்கு மிகச் சிக்கனமாகக் குறி அமைப்பது எப்படி என்பது. ஃபானோவுக்கே அதற்குச் சரியான விடை அகப்பட்டிருக்கவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் பரீட்சைக்குப் பயந்து கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார், விடையையும் கண்டுபிடித்துவிட்டார். 1952ல் அது அச்சில் வந்தது. பரீட்சைப் பயத்தால் உலகத்துக்கு இவ்வளவு நன்மை வேறெப்போதாவது விளைந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

அடுத்த படி 1977ல். இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரத்தில் யாக்கோப் ஸிவ், ஆபிரகாம் லெம்பெல் என்ற இருவர் எழுத்தை விட்டுச் சொல்லைப் பிடித்தார்கள். ஏற்கெனவே வந்த ஒரு தொடர் மறுபடி வந்தால் அதை ஏன் மறுபடி எழுதவேண்டும்? 'இத்தனை இடம் பின்னால் போ. அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று இரண்டு எண்களை எழுதினால் போதாதா? அவ்வளவுதான் யோசனை. முன்னால் அகராதி ஒன்று அனுப்ப வேண்டியதில்லை. படித்துக்கொண்டு போகிற நூலே தனக்கு அகராதியாகிவிடுகிறது. இருவரும் 2023ல் சில வார இடைவெளியில் காலமானார்கள்.

இந்த யோசனையால் தமிழுக்கு விளைந்த நன்மையை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 'முத்தாண்டிக்குப்பம்' என்ற பெயரைத் தமிழில் எழுதினால் பத்து எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் பதினான்கு எழுத்து. ஆங்கிலத்துப் பதினான்கு எழுத்துக்கும் கம்ப்யூட்டர் பதினான்கு பைட் இடந்தான் கேட்கிறது. நம்முடைய பத்து எழுத்தோ கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாகப் பிரிந்து 19 குறிகளாகிறது. இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 57 பைட்! கணக்கைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் கவனியுங்கள். அந்த மூன்று எண்களில் முதல் எண் எந்தத் தமிழ்க் குறிக்கும் 224தான். இரண்டாவது எண் 174, அல்லது 175. வேறு கிடையாது. உண்மையில் செய்தி சொல்வது மூன்றாவது எண்தான். வந்ததே வந்துகொண்டிருந்தால் ஹஃப்மனுக்கும் ஸிவ்–லெம்பெலுக்கும் கொண்டாட்டம் அல்லவா? சுருக்கும் கருவி அந்த வீண் சுமையை அநேகமாக உதறிவிடுகிறது.

முத்தாண்டிக்குப்பத்தில் என் தங்கை மகன் இதை எனக்குக் கண்ணாலேயே காட்டினான். படம், பொத்தான் ஒன்றும் இல்லாத கறுப்புத் திரை. அதில் 'ஜிஜிப்' என்று அடித்து, பக்கத்தில் என் நாவல் கோப்பின் பெயரை அடித்தான். அடுத்த கணம் நாவலைக் காணோம். அதன் இடத்தில் வால் முளைத்த பெயரோடு வேறொரு கோப்பு இருந்தது. அளவில் பழையதன் நாலில் ஒரு பங்குகூட இல்லை. "பயப்படாதீங்க மாமா, ஜிஜிப் அப்படித்தான், சுருக்கினதும் பழசை எடுத்துடும்" என்று சொல்லிவிட்டு, 'கன்ஜிப்' என்று அடித்தான். நாவல் திரும்பி வந்தது. முன்பே எடுத்து வைத்திருந்த பிரதியோடு அதை ஒப்பிடும்படி இன்னொரு கட்டளை கொடுத்தான். திரையில் ஒன்றும் வரவில்லை. "ஒண்ணும் சொல்லலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றான். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதைக் கம்ப்யூட்டரும் அறிந்திருக்கிறது.

அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு வழக்குக் கதை இருக்கிறது. ஸிவ்–லெம்பெல் இருவரும் 1978ல் வெளியிட்ட இரண்டாவது முறையை டெர்ரி வெல்ச் என்பவர் திருத்தி 1984ல் கட்டுரையாக எழுதினார். அதைக் கொண்டு யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'கம்ப்ரஸ்' என்ற கருவி வந்தது. உலகமெல்லாம் அதைப் பயன்படுத்தியது. ஆனால் அந்த முறைக்கு 1985ல் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அது பிறகு யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்த முறையை உபயோகித்த கருவிகளை விற்பவர்கள் பணம் கட்டவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. யோசித்துப் பாருங்கள்: பெட்டியில் இருப்பது உங்கள் சொத்து, ஆனால் பூட்டு இன்னொருவருடைய சொத்து! 2003 ஜூனில் அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை காலாவதியாகும் வரையில் இந்தச் சங்கடம் இருந்தது.

அதிலிருந்து தப்ப 1992 அக்டோபரில் பிறந்ததுதான் ஜிஜிப். எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரரான ழான்–லூ கையியும் அமெரிக்கரான மார்க் ஆட்லரும். ஆட்லர் பிற்காலத்தில் செவ்வாய்க் கிரகத்துக்கு ஸ்பிரிட் வண்டியை அனுப்பிய காரியத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். இருவரும் தங்கள் கருவியை யாருக்கும் இலவசமாக, உள்வேலை தெரியும்படி கொடுத்துவிட்டார்கள். 1996ல் அந்த முறை முழுவதும் விளக்கக் குறிப்பாக வெளியிடப்பட்டது. அதைப் படித்து எவரும் சொந்தமாக ஒரு விரிக்கும் கருவி செய்துகொள்ளலாம்.

ஜிஜிப்புக்குள் இருந்த முறையோ ஃபில் கேட்ஸ் என்பவர் அமைத்தது. 1988ல் அவர் மீது ஒரு கம்பெனி வழக்குத் தொடுத்தது. அவர் பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது. அடிபட்ட மனிதன் என்ன செய்வான்? தன் பொருளை இறுகப் பூட்டுவான். கேட்ஸ் நேர்மாறாகச் செய்தார். 1989ல் ஜிப் என்ற புதிய அமைப்பை உண்டாக்கி, அதன் விவரத்தை எல்லோரும் அறியும்படி வெளியிட்டார். இன்று உலகத்தில் ஜிப் கோப்பு திறக்காத கம்ப்யூட்டர் அபூர்வம். அவரோ 2000 ஏப்ரலில், 37வது வயதில், மில்வாக்கி நகரத்து விடுதி அறை ஒன்றில் தனியாக இறந்து கிடந்தார். குடி அவரைக் கொண்டுபோயிற்று. அவர் வெளியிட்ட அந்த விவரம் இன்றும் வாழ்கிறது.

இதெல்லாம் எங்கோ நடந்த சங்கதி, நமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். 1990களின் கடைசியில் என் நாவல் ஒன்றை ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கோத்து, ஜிப் செய்து, சிறு தட்டு ஒன்றில் எனக்குக் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து மறுபதிப்புக்கு வேண்டியிருந்தது. மருமகன் தட்டைப் படிக்க ஒரு பழைய கருவியைத் தேடிப்பிடித்து, கோப்பை விரித்தான். ஜிப் கோப்புக்குள் ஒரு சோதனை எண் உண்டு. விரித்தது மூலத்தோடு பொருந்துகிறதா என்று அது சொல்லும். பொருந்தியது. ஆனால் திரையில் வந்தது தமிழ் அல்ல. தலையில் கொம்பும் அடியில் வாலுமாக ஏதோ ஐரோப்பிய எழுத்து. "ரொம்ப ஒழுங்கா விரிஞ்சிருக்கு மாமா. ஆனா இது என்ன பாஷைன்னுதான் தெரியல" என்றான்.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண் வரிசை வைத்திருந்தன. 'க'வுக்கு இவர் ஓர் எண் தருவார். அவர் வேறோர் எண் தருவார். 1999ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, 'டாப்', 'டாம்' என்று பொது வரிசைகளை அமைத்தார்கள். 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் எத்தனையோ பக்கங்கள் அவரவர் எழுத்துருவில் முடங்கிவிட்டன. என் நாவலைக் கோத்த எழுத்துரு எங்கும் அகப்படவில்லை. ஜிப் சத்தியத்தைக் காப்பாற்றியது. நாம் வைத்த எண் வரிசை காப்பாற்றவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? என் அலமாரியில் அச்சான புத்தகம் ஒரு பிரதி இருந்தது. அதன் முதல் பக்கத்தையும் திரையில் இருந்த கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று மருமகன் இரண்டு இரவு உட்கார்ந்து அட்டவணை போட்டான். அந்த அட்டவணையால் நாவல் முழுவதும் தமிழாயிற்று. புத்தகம் இல்லாதிருந்தால்?

நம் முன்னோர் சூத்திரமாகச் சுருக்கினார்கள். உடனே உரை எழுதி விரித்தும் வைத்தார்கள். 1887ல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நச்சினார்க்கினியர் உரையோடு, கும்பகோணத்து ஜைனர்களின் துணையும் அவருக்கு வேண்டியிருந்தது. ஏடு இருந்தால் மட்டும் போதவில்லை. அதை விரிக்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னார்கள். அதனால்தான் சிந்தாமணி நமக்குக் கிடைத்தது.

ஆகவே இன்று எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இது. கோப்பைச் சுருக்குங்கள், இடமும் பணமும் மிச்சம். ஆனால் விரிக்கும் வழி ஊரறிந்ததாக இருக்கும் கருவியால் சுருக்குங்கள். எழுத்தை யூனிகோடில் வையுங்கள். சுருக்கிய கையோடு ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மூலத்தை நீக்குங்கள். முடிந்தால் காகிதத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். சுருக்குகிறவன் தனக்காகச் சுருக்கலாம். விரிக்கப்போகிறவன் இன்னும் பிறக்காத ஒருவனாக இருக்கலாம். அவனிடம் சாவியைச் சேர்ப்பிக்கிற பொறுப்பு சுருக்கியவனுடையது.