1914 செப்டம்பர் 22: பதினோரு மணி நேரம், மூன்று கடல்கள்

"அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பேர்தான் அது என்று நிறைய பேருக்குத் தெரியும். ஐகோர்ட் மதில் பக்கம் அதுக்கு ஒரு கல்வெட்டும் இருக்கு. ஆனா அதே தேதியில் ஜெர்மன் கடற்படை இன்னும் இரண்டு இடங்களில் அடித்தது. ஒன்று ஹாலந்து கரையோரம், வட கடலில். இன்னொன்று பசிபிக் நடுவே, டஹிட்டித் தீவின் பப்பேட்டே நகரில்.

ஒரே தேதி என்று யாராவது சொன்னால் நான் முதலில் டைம் ஜோன் பார்ப்பேன், தொழில் புத்தி. டஹிட்டியில் 22 என்றால் நமக்கு 23 ஆகக்கூட இருக்கலாமே? மூன்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். வட கடலில் லண்டன் நேரம் காலை சுமார் 6:20, நமக்கு முற்பகல் 11:50. மெட்ராஸில் இரவு சுமார் 9:30. பப்பேட்டேயில் காலை 7, நமக்கு இரவு 10:30. மூன்றும் தொடங்கியது நம்ம கணக்குப்படியும் 22-ஆம் தேதிதான். எம்டன் வேலையை முடித்துக் கிளம்பி அரை மணி நேரத்தில் பப்பேட்டேயில் அபாயச் சத்தம் கேட்கிறது.

இவற்றில் நாம் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியது வட கடல். அபூகிர், ஹோக், கிரெஸி என்று மூன்று பிரிட்டிஷ் க்ரூசர்கள், ஒவ்வொன்றும் 12,000 டன். பழைய கப்பல்கள். ஆட்களில் பாதிக்கு மேல் அவசரமாகக் கூப்பிடப்பட்ட ரிசர்வ்காரர்கள். கூடவே படிப்பு முடியாத கடற்படைப் பள்ளிப் பையன்கள். பிரிட்டிஷ் கடற்படைக்குள்ளேயே இந்த அணியைத் தூண்டில் இரை என்று கிண்டலடித்தார்கள். காவலுக்கு வரவேண்டிய சிறு கப்பல்கள் மோசமான வானிலையால் திரும்பிவிட்டன. மூன்றும் மெதுவாக, நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன.

எதிரே யு-9 என்ற நீர்மூழ்கி. உள்ளே முப்பது பேருக்கும் குறைவு. கேப்டன் ஓட்டோ வெடிகன். முதல் டார்பிடோ அபூகிர் மேல் பட்டது. கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று நினைத்து அதன் கேப்டன் மற்ற இரண்டையும் உதவிக்குக் கூப்பிட்டார். மனிதாபிமானமான உத்தரவுதான், ஆனா அதுவே வினையாகிப் போச்சு. ஆட்களைத் தூக்க நின்ற ஹோக் அடிபட்டது. அப்புறம் கிரெஸி. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றும் கடலுக்கு அடியில். செத்தவர்கள் 1,459 பேர். கிட் வைக்கம்-மஸ்கிரேவ் என்ற 15 வயதுப் பையன் அபூகிரிலிருந்து ஹோக்குக்கு நீந்தி வந்து, அது மூழ்க கிரெஸிக்குப் போய், அதுவும் மூழ்கி, கடைசியில் டச்சுக் கப்பல் ஒன்றால் பிழைத்தான்.

மெட்ராஸ் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுமார் 130 குண்டுகள், அரை மணி நேரம். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கலங்கரை விளக்கம் எதுவும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்ததால் கேப்டன் முல்லருக்கு வழி தேட வேண்டிய சிரமம்கூட இல்லை. உயிர்ச்சேதம் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் பயத்துக்கு அளவே இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். 1,459 பேர் செத்த சம்பவம் நம்ம பேச்சில் ஒரு சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. அரை மணி நேர எம்டன் விட்டுவைத்தது.

பப்பேட்டேக்கு வந்தவை ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் என்ற இரண்டு பெரிய க்ரூசர்கள். அட்மிரல் ஷ்பேயின் கப்பல்கள். எம்டனும் அவர் அணியைச் சேர்ந்ததுதான். ஆகஸ்டில் பசிபிக்கின் பாகன் தீவில் பிரிந்து எம்டன் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வர, ஷ்பே கிழக்கே போனார். ஒரே நாளில் அடிக்கணும் என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை. வெடிகன் பெல்ஜியக் கரையில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தேடிப் போனவர்; இந்தக் க்ரூசர்கள் வழியில் அகப்பட்டவை. "ஒரே நாள், பெரிய சதித்திட்டம்" என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

ஷ்பேக்கு அன்றைக்கு வேண்டியது ஊர் இல்லை, நிலக்கரி. பப்பேட்டேயில் அது குவியலாக இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் டெஸ்ட்ரமோ என்ற பிரெஞ்சு அதிகாரி. தன் சின்னக் கப்பலான ஸெலேயின் பீரங்கிகளை முன்கூட்டியே கழற்றி மலைமேல் ஏற்றியிருந்தார். ஜெர்மன் கொடியைப் பார்த்ததும் அந்த நிலக்கரி முழுவதையும் கொளுத்தச் சொல்லிவிட்டார். ஊரின் ஒரு பகுதியும் சந்தையும் அழிந்தன, ஸெலே மூழ்கியது. ஷ்பே ஒரு கூடை நிலக்கரிகூட எடுக்காமல், குண்டுகளைச் செலவழித்ததுதான் மிச்சம் என்று திரும்பினார். என்னைக் கேட்டால் அந்த நாளில் மூளையை ஒழுங்காகப் பயன்படுத்திய ஆள் டெஸ்ட்ரமோதான். அவருக்குக் கிடைத்தது மேலதிகாரிகளின் திட்டு. 1915-இல் நோயில் இறந்துபோனார். மரியாதை அதுக்கப்புறம்தான் வந்தது.

வட கடல் சம்பவத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பெரிய போர்க்கப்பல்களுக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு போனது: நீர்மூழ்கி நடமாடும் இடத்தில் பக்கத்துக் கப்பல் மூழ்கினாலும் நின்று காப்பாற்றாதே.

அடித்த மூவரும்கூட அதிக நாள் ஓடவில்லை. எம்டன் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் சிக்கியது. ஷ்பே டிசம்பர் 8-இல் ஃபாக்லாந்து தீவுக்கு அருகே, அதே இரண்டு கப்பல்களோடு போனார். வெடிகன் 1915 மார்ச் 18-இல், இப்போது யு-29 என்ற வேறு நீர்மூழ்கியில். ட்ரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதன் மேல் நேராக ஏறி மோதியது. ஒருத்தரும் பிழைக்கவில்லை.