தீயை முந்தும் புகை: நீங்கள் இருக்கும் கட்டடத்தில் அது வெளியே போக வழி இருக்கிறதா?

திண்டுக்கல்லில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 2024 டிசம்பர் 12-ம் தேதி இரவு தீப்பிடித்தது. 6 பேர் உயிரிழந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்டு வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. மூச்சுத்திணறல்தான் காரணம் என்று செய்திகள் வந்தன.

கட்டடத் தீ விபத்து செய்திகளைக் கவனித்துப் பார்த்தால் 'மூச்சுத்திணறி பலி' என்ற வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். தீப்பிடித்தது ஒரு மாடியில் இருக்கும், இறந்தவர்கள் வேறு மாடியில் இருப்பார்கள். தீ அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் புகை போயிருக்கும்.

அப்படியானால் புகை எந்த வழியாகப் போகிறது? அதை வெளியே அனுப்ப கட்டடம் கட்டும்போதே என்ன செய்ய முடியும்? பார்க்கலாம்.

<b>புகை ஏன் இவ்வளவு ஆபத்து?</b>

அரைகுறையாக எரியும் எந்தப் பொருளும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வதைவிட, இது 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். அதாவது மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. முதலில் தலை சுற்றும், குழப்பம் வரும், கால் தளர்ந்து போகும். எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசிக்கிற சக்தியே போய்விடும்.

அந்தக் காலத்து வீட்டில் எரிவதற்கு மரமும் பருத்தியும்தான் இருந்தன. இப்போது ஃபோம் சோபா, மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, ஃபால்ஸ் சீலிங், சுவருக்குள் ஓடும் வயர் என்று எல்லாம் இருக்கின்றன. ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷ வாயுவும் சேர்ந்து வரும். புகையும் கன்னங்கரேல் என்று இருக்கும். தினமும் ஏறி இறங்குகிற படிக்கட்டுகூட கண்ணுக்குத் தெரியாது.

<b>நாம் இறங்கும் வழியில்தான் அது ஏறும்</b>

சூடான புகை லேசானது. நேராகக் கூரைக்குப் போகும். கூரையில் முட்டியதும் பக்கவாட்டில் பரவும். வெளியேற வழி இல்லையென்றால் அடுக்கு அடுக்காகக் கனத்து, தலைமட்டம் வரை கீழே இறங்கும். தீ விபத்தில் சிக்கினால் குனிந்தோ தவழ்ந்தோ போகச் சொல்வது இதனால்தான். தரைக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நல்ல காற்று மிச்சமிருக்கும்.

பரவும் புகை மேலே ஏற ஒரு ஓட்டை தேடும். கட்டடத்தில் அப்படிப்பட்ட ஓட்டைகள் நிறையவே இருக்கின்றன. படிக்கட்டு, லிஃப்ட் ஓடும் குழி, வயர்களும் தண்ணீர்க் குழாய்களும் மேலேறும் தடம், ஏ.சி. டக்ட். பக்கவாட்டில் மெதுவாகப் போகும் புகை, இதுபோன்ற செங்குத்தான வழி கிடைத்தால் விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஏறும். சமையலறைப் புகைக்கூண்டு செய்யும் அதே வேலை. என்ன வித்தியாசம் என்றால், இந்தப் புகைக்கூண்டு வழியாகத்தான் மனிதர்கள் கீழே இறங்கி வர வேண்டும்.

டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13-ம் தேதி நடந்தது இதுதான். தரைத்தளத்து பார்க்கிங்கில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்தது. அங்கிருந்த கார்களும் எரிந்தன. புகை படிக்கட்டு வழியாக மேலேறி தியேட்டருக்குள் புகுந்தது. பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கூடுதல் இருக்கைகள் போட்டதில் வெளியேறும் வழி ஒன்று அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். தீ இருந்தது கீழே, இறந்தவர்கள் இருந்தது மேலே.

2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை. கார் நிறுத்த வேண்டிய பேஸ்மென்ட்டில் பொருட்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கு பிடித்த தீயின் புகை மேல்மாடி வார்டுகளுக்கு ஏறியது. கட்டடத்தின் முகப்பு முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. உள்ளே போன புகைக்கு வெளியே வர வழியே இல்லை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் உட்பட சுமார் 90 பேர் உயிரிழந்தார்கள். கண்ணாடியை உடைத்துத்தான் ஆட்களை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

<b>சரி, கட்டடம் கட்டும்போது என்ன செய்யலாம்?</b>

பொறியாளர்கள் மூன்று விஷயங்களைச் செய்யப் பார்ப்பார்கள். புகையைப் பிறந்த இடத்திலேயே அடைத்து வைப்பது, அங்கிருந்து நேராக வெளியே தள்ளுவது, படிக்கட்டுக்குள் மட்டும் வரவே விடாமல் தடுப்பது.

அடைத்து வைக்கும் வேலையைச் செய்வது சுவர்களும் தீத்தடுப்புக் கதவுகளும். ஏ.சி. டக்ட்டுக்குள் டேம்பர் என்ற மடல் இருக்கும். தீப்பிடித்தால் அது மூடிக்கொள்ளும், ஏ.சி.யும் தானாக நிற்க வேண்டும். வயர் மேலேறும் தடத்தை ஒவ்வொரு மாடியிலும் தீத்தாங்கும் பூச்சு வைத்து அடைக்க வேண்டும். செலவு குறைவான வேலைதான். ஆனால் புதிதாக இன்டர்நெட் கேபிள் இழுக்க வருபவர் அந்த அடைப்பைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டுப் போவார். அப்புறம் யாரும் அதைத் திரும்பி அடைக்க மாட்டார்கள்.

வெளியே தள்ள எளிய வழி, மேலே ஒரு திறப்பு. கூடவே கீழே ஒரு திறப்பும் வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். கீழிருந்து புதுக் காற்று வந்தால்தான் மேலே இருக்கிற புகை நகரும். வெளிச்சுவரை ஒட்டிய படிக்கட்டு என்றால், ஒவ்வொரு திருப்பத்திலும் 0.5 சதுர மீட்டர் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சுமாராக இரண்டேகால் அடிக்கு இரண்டேகால் அடி ஜன்னல். அவ்வளவுதான்.

கட்டடத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட படிக்கட்டுக்கு ஜன்னல் வைக்க முடியாது. உயரமான கட்டடங்களில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய ஃபேன் மூலம் படிக்கட்டுக்குள் வெளிக்காற்றை அடைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடுவது. உள்ளே அழுத்தம் அதிகம் என்றால் கதவிடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும், புகை உள்ளே வராது. இதற்கு 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வேண்டும் என்பது விதி. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஒரு சாதாரணக் கதவின் மொத்தப் பரப்பிலும் சேர்த்து 10 கிலோ எடை சாய்ந்தால் எப்படியோ அப்படி. அதற்கு மேல் ஏற்றினால் வேறு சிக்கல் வரும். ஒரு குழந்தையோ வயதானவரோ அந்தக் கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் போய்விடும்.

<b>பேஸ்மென்ட்டும் கண்ணாடி முகப்பும்</b>

பேஸ்மென்ட்டில் புகைக்கு இயற்கையான வழியே கிடையாது. மேலே ஏற ஒரே வழி, ஆட்கள் இறங்கும் அதே வழி. அதனால் அங்கு தரைப்பரப்பில் 2.5 சதவீதத்துக்குக் குறையாத திறப்புகளைச் சுற்றிலும் பரவலாக வைக்கச் சொல்கிறது விதித்தொகுப்பு. ஃபேன் வைத்தால், தீப்பிடித்த நேரத்தில் மணிக்கு 12 முறை உள்ளிருக்கும் காற்று முழுவதையும் மாற்றும் அளவுக்குத் திறன் வேண்டும். அந்த ஃபேனும் 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 மணி நேரம் ஓடித் தாங்க வேண்டும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தச் சூட்டில் சில நிமிடங்களில் உருகி நின்றுவிடும்.

சென்னை தி.நகரில் 2017 மே 31-ம் தேதி 7 மாடி ஜவுளிக்கடை எரிந்ததைப் பலர் டி.வி.யில் நேரலையாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது. அடர்ந்த புகையால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையவே திணறினார்கள். கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, பிறகு மொத்தமும் இடிக்கப்பட்டது. கடை திறப்பதற்கு முன், அதிகாலையில் தீப்பிடித்ததால் வாடிக்கையாளர்கள் யாரும் உள்ளே இல்லை. பண்டிகைக்கால மாலை நேரமாக இருந்திருந்தால்?

கண்ணாடி முகப்புக்கும் தெளிவான விதி இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் வெளிச்சுவரில் 10 மீட்டருக்கு ஒன்றாக, உள்ளிருந்து திறக்கக்கூடிய பலகம் வைக்க வேண்டும். அளவு குறைந்தது 1 மீட்டருக்கு 1 மீட்டர். தீயின்போது திறக்க வேண்டிய பலகம் இது, மறைக்கக் கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை ஷாப்பிங் மாலுக்கோ ஐ.டி. அலுவலகத்துக்கோ போகும்போது தேடிப் பாருங்கள். சில இடங்களில் அதன் முன்னால்தான் பீரோவோ விளம்பரப் பலகையோ நிற்கும்.

<b>விதி இருக்கிறது, யாருக்கு?</b>

தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு வழிகாட்டிதான். மாநில அரசு தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால் மட்டுமே கட்டாயம் ஆகும். 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரம் இருந்தால் அதன் கணக்கில் உயர்மாடிக் கட்டடம். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அந்த எல்லை 18.30 மீட்டர். ஃபேன், அழுத்தம், தானியங்கி ஏற்பாடு என்று கடுமையான நிபந்தனைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேல்தான் வரும்.

ஆனால் நம் ஊரில் அதிகம் பேர் புழங்குவது மூன்று, நான்கு மாடிக் கட்டடங்களில். சின்ன மருத்துவமனை, லாட்ஜ், டியூஷன் சென்டர், மகளிர் விடுதி. 2019 மே 24 அன்று சூரத்தில் 22 பேர் இறந்த பயிற்சி வகுப்பும் வானுயர்ந்த கட்டடத்தில் இல்லை. வெளியேறும் வழி அடைபட்டு, மாணவர்கள் மேல்மாடியிலிருந்து குதித்த வீடியோவை நாடே பார்த்தது. இதுபோன்ற கட்டடங்களுக்கு விலை உயர்ந்த ஃபேன்கூட தேவையில்லை. ஜன்னல் வைத்த இரண்டு படிக்கட்டுகள் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

<b>உங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாருங்கள்</b>

தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே பார்க்கிங். படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்துக்குக் கீழே இ.பி. மீட்டர் பெட்டிகள் மொத்தமாக. அதை ஒட்டி வரிசையாக ஸ்கூட்டர்கள், அதில் ஒன்றிரண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிக் வண்டிகள். பக்கத்தில் பழைய மெத்தை, அட்டைப்பெட்டி. சென்னையிலும் கோவையிலும் பல அப்பார்ட்மென்ட்களின் நிலை இதுதான். தீப்பிடிக்க வாய்ப்புள்ள எல்லாவற்றையும் இருக்கிற ஒரே படிக்கட்டின் அடியில் குவித்து வைத்திருக்கிறோம். உப்ஹாரில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் இங்கே மீட்டர் பெட்டி.

மேலே போனால் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. திருட்டுப் பயம், பசங்க தொல்லை என்று காரணம் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கீழே தீப்பிடித்தால் புகை வந்து தேங்கும் இடம் அந்தக் கதவின் உள்பக்கம்தான். தப்பிக்க மேலே ஓடுபவர்கள் வந்து நிற்பதும் அங்கேதான். சாவி இல்லாமல் உள்பக்கத்திலிருந்து திறக்கிற தாழ்ப்பாள் போட்டால் போதும், வெளியிலிருந்து திருடனும் வர முடியாது. படிக்கட்டின் உச்சியில், யாரும் மூட முடியாத ஒரு வென்டிலேட்டரும் வேண்டும். மழைச்சாரல் அடிக்கிறது, புறா வருகிறது என்று அதைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தால் கண்ணாடியை எடுத்துவிட்டு வலை அடியுங்கள்.

அலுவலகம் என்றால், படிக்கட்டுக் கதவின் அடியில் மரக்கட்டை செருகியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று வரட்டும் என்று திறந்து வைத்த அந்த ஒரு கதவு போதும், லட்சக்கணக்கில் செலவழித்து வைத்த ஃபேனின் அழுத்தம் அத்தனையும் அதன் வழியாக வீணாகிவிடும்.

<b>புகையில் மாட்டிக்கொண்டால்</b>

லிஃப்டில் ஏறாதீர்கள். கரன்ட் போனால் நடுவில் நிற்கும், அதன் குழி புகைக்கு வழி. மூடிய கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். படிக்கட்டில் புகை இருந்தால் அதற்குள் இறங்க முயலாமல் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, தெருப்பக்க ஜன்னலில் நின்று துணியை ஆட்டுங்கள். 101 அல்லது 112-க்கு போன் செய்யும்போது முகவரியோடு, எத்தனையாவது மாடியில் எந்தப் பக்கத்து அறையில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.